கொழுத்த குட்டிகளாகப் பார்த்துச் சாகின்றன: அறுத்துப் பார்த்தும் புரியவில்லை

கிடைக்காரன்:

என்னிடம் 42 செம்மறிகள். மூன்று வாரத்தில் நான்கு போய்விட்டன. நான்கும் ஐந்தாறு மாதக் குட்டிகள். அதிலும் பட்டியிலேயே கொழுத்தவை. மாலையில் தொட்டியில் முட்டி மோதித் தின்ற குட்டி, விடிந்து பார்த்தால் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. காய்ச்சல் இல்லை, கழிச்சல் இல்லை, ஒரு செருமல்கூட இல்லை.

நான்காவதை நானே அறுத்துப் பார்த்தேன். வலப்பக்க நுரையீரல் கருஞ்சிவப்பு, இடப்பக்கம் வெளிறிக் கிடந்தது. குடலில் பச்சை பாய்ந்திருந்தது. முதல் வயிற்றின் உள்தோல் விரல் பட்டதும் உரிந்து வந்தது. சிறுநீரகம் சேறுபோல் குழைந்திருந்தது. இத்தனை உறுப்புகளும் ஒரே நேரத்தில் கெட்டிருந்தால் விஷத்தைத் தவிர வேறென்ன? வேலியை ஒட்டி இருப்பவருக்கும் எனக்கும் சில மாதங்களாகப் பேச்சு இல்லை. அதற்கு மேல் இங்கே சொல்ல விரும்பவில்லை.

கல்லீரலும் நுரையீரலும் ஒரு பாட்டிலில் போட்டு, திசு கெடாமல் காக்கும் பார்மலின் ஊற்றி ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்ரோடோம்:

விஷம் என்று முடிவு கட்டும் முன் ஐந்து கேள்விகள். செத்து எத்தனை மணி நேரம் கழித்து அறுத்தீர்கள்? எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது? மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்ததா? இதயத்துக்குள் இரத்தம் உறைந்திருந்ததா, தண்ணீராக இருந்ததா? கையுறை போட்டிருந்தீர்களா?

கிடைக்காரன்:

இரவு எந்நேரம் செத்ததோ தெரியாது. நான் அறுக்கும்போது பகல் பதினொன்று. வலப்பக்கமாகக் கிடந்தது. இரத்தக் கசிவு இல்லை. இதயத்தில் கருஞ்சிவப்பாகக் கட்டி இருந்தது. கையுறைக்கு எங்கே போவது ஐயா? கழுவிக்கொண்டேன்.

மைக்ரோடோம்:

கடைசிப் பதிலுக்காக உங்களைத் திட்ட வேண்டும். அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கண்ட நான்கும் சாவுக்குப் பிறகு வந்தவை. இதயம் நின்றதும் இரத்தம் பள்ளத்தை நாடி இறங்கும். வலப்பக்கமாகக் கிடந்த உடலில் வலது நுரையீரல் கறுக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். அந்த நுரையீரலை அமுக்கினீர்களா? பஞ்சுபோல் அமுங்கி, ஒரு துண்டு தண்ணீரில் மிதந்தால் அது வெறும் இரத்தத் தேக்கம். நிமோனியா கண்ட நுரையீரல் ஈரல்போல் கெட்டிப்பட்டிருக்கும், துண்டு மூழ்கும். பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் முன்மடலின் கீழ்ப்பகுதியில் தொடங்கும். எந்தப் பக்கம் படுத்துச் செத்தது என்று கேட்டுக்கொண்டு வராது.

பச்சை நிறம், குடல் நுண்ணுயிரிகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு இரத்தத்தின் இரும்போடு சேர்வதால் வருவது. பித்தப்பையை ஒட்டிய இடம் என்றால் பித்தநீர் ஊறிய கறையாகவும் இருக்கலாம். முதல் வயிற்றின் உள்தோல் செத்த சில மணி நேரத்தில் எல்லா ஆட்டிலும் உரியும். சிறுநீரகம் குழைந்ததைப் பற்றிப் பிறகு பேசலாம். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

செம்மறி இந்த விஷயத்தில் மோசமான உடல். மேலே கம்பளி, உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும் வயிறு. சூடு இறங்காது. அடைத்து வைத்த அடுப்புதான். பத்து மணி நேரம் கழித்துத் திறந்தால் நோய் எழுதியதை அழுகல் அழித்து எழுதியிருக்கும்.

ஓய்ந்த கத்தி:

நான் பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். படிப்பு அதிகம் இல்லை, அறுத்த கணக்கு அதிகம். டாக்டர் ஐயா தள்ளி வைத்த திட்டை நான் திட்டுகிறேன்.

தம்பி, திடீரென்று செத்த மாட்டையோ ஆட்டையோ கத்தி வைப்பதற்கு முன் சுற்றி வந்து பார்க்க வேண்டும். மூக்கு, வாய், ஆசனவாயில் தார்போல் உறையாத இரத்தம், சீக்கிரமே உப்பிய வயிறு, சரியாக விறைக்காத கால்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கத்தியை உறையில் போட்டுவிட வேண்டும். அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்பார்களே, ஆளையும் தொற்றும். ஆட்டில் இந்த அடையாளம் எதுவுமே இல்லாமலும் வரும், அதனால்தான் சந்தேகம் இருந்தாலே நாங்கள் காது நரம்பில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி வில்லையில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் அறுப்போம்.

என் முதல் வருடத்தில் ஒரு பசு வந்தது. மூக்கோரம் ஒரு கோடு, காய்ந்த மண் என்று நினைத்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெரியவர் வந்தார், குனிந்தார், ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தார். துணி சிவந்தது. என் கையிலிருந்த கத்தியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போய் மெத்திலீன் நீலச் சாயத்தை எடுத்துவந்தார். அன்றைக்கு அந்தப் பசுவை நாங்கள் திறக்கவே இல்லை.

நான்காம் ஆண்டு:

ஏன் திறக்கக் கூடாது என்பதற்கான காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் நினைவில் இருக்கிறது. அடைப்பான் கிருமி திறக்காத உடலுக்குள் அழுகலில் தானாகவே மடிந்துபோகும். காற்றுப் பட்டால்தான் வித்தாக மாறும். வித்து மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். அதன் வாழ்க்கைச் சுற்றை ராபர்ட் கோக் 1876இல் விளக்கினார். வில்லையில் நீலச் சாயம் ஏற்றினால் முனை சதுரமாக வெட்டியதுபோன்ற நீலக் குச்சிகள், சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை. 1903இல் மக்ஃபேடியன் சொன்ன சோதனை அது, இன்றும் அதைத்தான் செய்கிறோம்.

கிடைக்காரன் ஐயாவின் ஆட்டில் இதயத்தில் இரத்தம் உறைந்திருந்தது, கசிவும் இல்லை. அடைப்பானுக்கு வாய்ப்புக் குறைவு. இல்லவே இல்லை என்று வில்லை பார்க்காமல் சொல்ல முடியாது.

கறவைக்காரி:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். போன மாதம் என் மாடு ஒன்று வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. உப்புசம் என்று பதிவு செய்தார்கள். ஆனால் செத்த எல்லா மாடும்தானே உப்பும்? உப்பிச் செத்ததா, செத்து உப்பியதா என்று எப்படித் தெரியும்?

மைக்ரோடோம்:

அம்மா, இந்தக் கேள்விக்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்கலாம்.

உணவுக்குழாயை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் திறந்து பாருங்கள். உயிரோடு இருக்கும்போது வயிறு உப்பியிருந்தால் அந்த அழுத்தம் நெஞ்சுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து இரத்தத்தைப் பிதுக்கிக் கழுத்துக்குத் தள்ளியிருக்கும். கழுத்துப் பகுதி கருஞ்சிவப்பாக, புள்ளி புள்ளியாக இரத்தம் கசிந்து இருக்கும். நெஞ்சுப் பகுதி வெள்ளையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, நெஞ்சுக்கூட்டின் வாசலில், கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை. செத்த பிறகு உப்பிய உடலில் இரத்தம் ஓடுவதே இல்லை. கோடு எங்கிருந்து வரும்? கோடு இல்லை என்பதால் மட்டும் உப்புசம் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தெளிவாகத் தெரிந்தால் அது வலுவான சாட்சி.

வரப்போரம்:

எல்லாம் சரி. செத்த பிறகு அறுத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? செத்தது எழுந்து வரப்போவதில்லை. அந்த நேரத்தில் மீதி ஆடுகளுக்கு ஊசி போட்டால் புண்ணியம்.

கிடைக்காரன்:

நானும் அதைத்தான் கேட்கிறேன். ஊசி என்றால் என்ன ஊசி? மூன்றாவது செத்ததும் பட்டி முழுக்க ஆன்டிபயாடிக் போட்டாயிற்று. நான்காவதும் செத்தது.

மைக்ரோடோம்:

வரப்போரம் அவர்களுக்குக் கிடைக்காரனே பதில் சொல்லிவிட்டார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். 1986இல் பிரிட்டனில் சில மாடுகள் தள்ளாடி விழுந்தன. வெறும் கண்ணுக்கு அவற்றின் மூளையில் ஒன்றும் தெரியாது. மூளைத்தண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் நரம்புச் செல்களில் சல்லடைத் துளைகள் தெரிந்தன. பைத்திய மாட்டு நோய் என்று உலகம் பின்னால் அலறியது அப்படித்தான் கண்ணில் பட்டது. பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததும் அதே கதை. அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மாட்டின் சடலம் வழியே கழுகின் சிறுநீரகத்துக்குப் போனது 2004இல் நிறுவப்பட்டது. உங்கள் பட்டியில் நான்கு. ஐந்தாவதை எதிர்பார்க்கிறோம் என்பதுதான் உண்மை. அதை வீணாக்காமல் இருக்கப் பார்ப்போம்.

கிடைக்காரன்:

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. படித்துவிட்டுச் சிரிக்கவா அழவா தெரியவில்லை. ‘திசுக்களில் முற்றிய தன்னழிவு. உறைந்து உருகிய சேதம். நோயறிய ஏற்றதல்ல.’ இவ்வளவுதான். இதற்கா இத்தனை தூரம் அலைந்தேன்?

மைக்ரோடோம்:

பாட்டில் எப்படி இருந்தது? எவ்வளவு பெரிய துண்டு? எங்கே வைத்திருந்தீர்கள்? மறைக்காமல் சொல்லுங்கள்.

கிடைக்காரன்:

குறுகிய வாயுள்ள பாட்டில். கல்லீரல் ஒரு கை அளவு, நுரையீரல் அதே அளவு, அழுத்தி உள்ளே தள்ளினேன். பார்மலின் கழுத்துவரை ஊற்றினேன். கெட்டுப்போகக் கூடாதே என்று இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்திருந்தேன்.

ஓய்ந்த கத்தி:

ஐயோ தம்பி. அந்தப் பாட்டிலை உடைத்துத்தான் எடுத்திருப்பார்கள். பார்மலினில் திசு மரக்கட்டைபோல் இறுகிவிடும். மெத்தென்று உள்ளே போனது, கட்டையாக வெளியே வராது. நாங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்த் துணி சுற்றி உடைப்போம். மாதத்துக்கு இரண்டு பாட்டிலாவது அப்படி வரும்.

மைக்ரோடோம்:

அறிக்கை எழுதியவர்மேல் கோபம் வேண்டாம். படிக்க முடியாத கடிதத்தைப் படித்ததாக அவர் பொய் சொல்லவில்லை.

பார்மலின் திசுவுக்குள் மெல்லத்தான் ஊறும். கை அளவு கல்லீரலின் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேருவதற்குள் அங்கே எல்லாம் தானாகவே கரைந்திருக்கும், அறிக்கை சொன்ன ‘தன்னழிவு’ அதுதான். வெளியே வெந்தது, உள்ளே அழுகியது. துண்டின் கனம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அரை என்றால் இன்னும் நல்லது. நீள அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். திசுவைப்போல் பத்து மடங்கு திரவம். விற்கும் அடர் பார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. உப்புகள் சேர்த்து அமிலத்தன்மையைச் சமன் செய்தது கிடைத்தால் அதுவே சிறந்தது. அகன்ற வாய் டப்பா. உறைய வைக்கவே கூடாது: பனிப் படிகம் செல்லைக் குத்திக் கிழித்துவிடும், நுண்ணோக்கியில் பார்த்தால் திசு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் தெரியும்.

எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். கெட்டுப்போன இடத்தின் நட்டநடுவிலிருந்து வெட்டி அனுப்புகிறார்கள். அங்கே எல்லாம் செத்துக் கிடக்கும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சந்திக்கும் ஓரத்தை வெட்டுங்கள். நோய் அங்கேதான் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதும் தவறு. கிருமி வளர்க்கவும் நச்சு தேடவும் பார்மலின் போட்டது உதவாது. அதற்குத் தனியாக, பார்மலின் படாமல், பனிக்கட்டியில். விஷம் என்ற சந்தேகம் உங்களுக்கு இன்னும் போகவில்லை என்றால் வயிற்றுத் தீனி, கல்லீரல், சிறுநீரகம் தனித்தனியாக உறைய வைத்து முத்திரை இட்டுக் கொடுங்கள். இவற்றை மட்டும் உறைய வைக்கலாம். நுண்ணோக்கி விஷத்தின் பெயரைச் சொல்வது அபூர்வம். எந்த உறுப்பு அடிபட்டது என்று மட்டும் காட்டும்.

கறவைக்காரி:

இரத்தத்தின் நிறத்தை வைத்தே விஷத்தைச் சொல்லலாம் என்று கேள்விப்பட்டேனே?

நான்காம் ஆண்டு:

ஓரளவுக்குச் சொல்லலாம் அக்கா. இளஞ்சோளப் பயிர் மேய்ந்து சயனைடு ஏறினால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. நைட்ரேட் என்றால் மண்ணின் பழுப்பு. ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும், நேரம் போனால் இரண்டும் மங்கிவிடும். எனக்குப் பிடித்தது கண். உடல் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் கண்ணுக்குள் இருக்கும் நீர் அடைத்த சீசாபோல் நெடுநேரம் தாங்கும். மெக்னீசியக் குறைவு, நைட்ரேட் இவற்றுக்கு ஊசியால் அதை உறிஞ்சி அனுப்பலாம்.

மைக்ரோடோம்:

மாணவி நன்றாகப் படித்திருக்கிறாள்.

கிடைக்காரன், கொழுத்த குட்டி, திடீர்ச் சாவு. தீவனம் சமீபத்தில் மாற்றினீர்களா?

கிடைக்காரன்:

ஒரு மாதமாக மக்காச்சோளம் கூட்டியிருக்கிறேன். எடை ஏறட்டும் என்று. துள்ளுமாரி, அதாவது குடல் நச்சு நோய் என்று சொல்லப் போகிறீர்கள், தெரியும். தடுப்பூசி போட்டாயிற்று.

மைக்ரோடோம்:

எத்தனை முறை?

கிடைக்காரன்:

ஒரு முறை.

மைக்ரோடோம்:

முதன்முறை போடும் குட்டிக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும். அதைப் போடவில்லை என்றால் போட்டதாகக் கணக்கில்லை.

இப்போது அந்தச் சிறுநீரக வேடிக்கை. துள்ளுமாரிக்கே ‘குழைந்த சிறுநீரக நோய்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் குழைவு சாவுக்குப் பிந்தையது என்றுதான் இன்றைக்குப் பார்க்கிறோம். வேறு காரணத்தில் செத்துப் பத்து மணி நேரம் கிடந்த ஆட்டிலும் அதைப் பார்க்கலாம். நீங்கள் கண்ட நான்கில் அது ஒன்றுதான் நோயின் பெயரோடு ஒத்துப்போகிறது, அதுவும் செல்லாத சாட்சி.

உண்மையான சாட்சி மூளையில் இருக்கிறது. மக்காச்சோளம் மிஞ்சும்போது குடலில் பெருகும் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி, எப்சிலான் என்ற நச்சை விடும். அது மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை ஓட்டையாக்கும். புரதம் கலந்த நீர் கசிந்து குழாயைச் சுற்றித் தேங்கும். இளஞ்சிவப்புச் சாயத்தில் அது குழாயைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரியும். செம்மறியில் இதைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. வெள்ளாட்டில் கதை வேறு, அங்கே குடல்தான் அதிகம் அடிபடும், மூளையில் அபூர்வம்.

அடுத்தது செத்தால் உடனே உங்கள் கால்நடை மருத்துவரை அழையுங்கள். மூளை முழுதாகப் பார்மலினில். கடைச் சிறுகுடல் சாறு பனியில், நச்சு தேட. அந்தக் கிருமி நல்ல ஆட்டின் குடலிலும் இருக்கும், ஆகவே கிருமி கிடைத்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. சிறுநீர்ப்பையில் ஊசி போட்டு உறிஞ்சிச் சர்க்கரைப் பட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை தெரிந்தால் இந்த நோய்க்கு அதுவும் ஒரு சாட்சி.

ஓய்ந்த கத்தி:

மூளை எடுப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நடத்தை மாறிச் செத்த விலங்கின் மண்டையைக் கையுறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் யாரும் திறக்காதீர்கள். எச்சில் ஒழுக்கிக்கொண்டு வந்த ஒரு மாட்டுக்குத் தொண்டையில் எலும்பு என்று நினைத்து மூன்று பேர் மாறி மாறி வாய்க்குள் கைவிட்டுத் தேடினார்கள். வெறிநோய். மூவருக்கும் ஊசி போட ஓடினோம். அந்தச் சந்தேகம் இருந்தால் மூளையில் பாதி பனியில், பாதி பார்மலினில். எல்லாவற்றையும் பார்மலினில் போட்டுவிட்டால் முக்கியமான சோதனைக்குப் பச்சைத் திசு இருக்காது.

கிடைக்காரன்:

ஐந்தாவது இன்று விடியற்காலை செத்தது. இம்முறை நான் படுக்கவில்லை, பட்டியிலேயே இருந்தேன். நாலரைக்குத் தலையைப் பின்னால் வளைத்தது, கால்களை உதைத்தது, அரை மணியில் அடங்கிவிட்டது. மருத்துவர் ஆறரைக்கு வந்தார். முதலில் காது இரத்தத்தை வில்லையில் பூசிப் பார்த்தார், அடைப்பான் இல்லை என்றார். அப்புறம்தான் கத்தி. எனக்கும் கையுறை கொடுத்தார்.

நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன். நுரையீரல் இரண்டு பக்கமும் ஒரே நிறம், கனமாக, வெட்டினால் நுரை. குடல் பச்சை இல்லை. சிறுநீரகம் கெட்டியாகத்தான் இருந்தது! இதய உறையைக் கீறியதும் வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. கிண்ணத்தில் பிடித்தார், பேசிக்கொண்டிருக்கும்போதே அது பசைபோல் உறைந்தது. சிறுநீரில் நனைத்த பட்டை நிறம் மாறியது, சர்க்கரை இருக்கிறது என்றார். முதல் வயிறு நிறைய மக்காச்சோளம். நான்காம் வயிற்றில் முறுக்குப் புழு பத்துப் பதினைந்து நெளிந்தன. இதனால் சாகவில்லை, ஆனால் மருந்து கொடுங்கள் என்றார். மண்டையை அவர் அறுத்தபோது நான் தள்ளி நின்றேன். அகன்ற வாய் டப்பாவில் மூளை மிதக்கிறது. உறைபெட்டியில் வைக்கவில்லை.

மைக்ரோடோம்:

இரண்டு மணி நேரம் என்ன வித்தியாசம் செய்கிறது பாருங்கள். அறிக்கைக்குக் காத்திருக்கும்போது மக்காச்சோளத்தைக் குறையுங்கள், இரண்டாவது ஊசிக்கு மருத்துவரைக் கேளுங்கள். மூளை முழுதாக இறுகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் நீரை வடித்து மெழுகில் பதித்து நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். தினமும் தொலைபேசியில் அவர்களைத் துளைக்காதீர்கள்.

கிடைக்காரன்:

பதினெட்டு நாள் ஆயிற்று. அறிக்கை வந்தது. ‘மூளையின் உட்பகுதிகளில் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் புரதம் செறிந்த நீர்க்கோவை. குடல் சாற்றில் எப்சிலான் நச்சு உண்டு.’ விஷச் சோதனையில் ஒன்றும் இல்லை.

சோளம் பாதியாகக் குறைத்துவிட்டேன். இரண்டாவது ஊசி போன வாரம் போட்டாயிற்று. ஆறாவது இன்னும் சாகவில்லை. நேற்று வேலியோரம் அவர் நின்றிருந்தார். குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று அவராகவே கேட்டார். நன்றாக இருக்கின்றன என்றேன்.

வரப்போரம்:

அந்த டப்பா எங்கே கிடைக்கும்? இரண்டு வாங்கி வைக்கிறேன்.